ரப்பர் பட்டைக்கு இந்தப் பக்கம்

கணவன் வீட்டை விட்டுப் போன அன்று அவள் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்.

"அந்த சூட்கேஸ்ல ஜிப் சரியில்ல. பெல்ட்டைப் போட்டுக் கட்டிக்கங்க."

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன். வேறொருத்தியோடு வாழப் போகிறேன் என்று சொல்ல ஒரு மாதமாவது ஒத்திகை பார்த்திருப்பான், நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அவள் சட்டையைப் பிடிப்பாள், தட்டை வீசுவாள், காலில் விழுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். பெல்ட்டை மட்டும் அவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. தேடி எடுத்துக் கட்டினான். அன்றைக்கென்று பார்த்து அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடவில்லை. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவன், நான்கு மாடியும் பெட்டியைச் சுமந்துகொண்டு இறங்கினான். படி திரும்புகிற இடங்களில் அது சுவரில் இடிக்கும் சத்தம் மேலே வந்தது. எட்டு முறை. அவள் எண்ணி முடித்துவிட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்தாள்.

அவள் அழவில்லை. இன்று அழுவாள், நாளை அழுவாள் என்று உறவே காத்திருந்தது. அக்கா தினமும் தொலைபேசியில் கெஞ்சினாள்.

"அழுதுடுடி. உள்ளயே வெச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது."

"வரலக்கா."

"வரலன்னா என்ன அர்த்தம்? ரெண்டு வெங்காயத்தை நறுக்கு, தன்னால வரும்."

"நறுக்கினேன். அதுக்கும் வரல."

கல் நெஞ்சுக்காரி என்றார்கள். புருஷன் ஓடிப்போனதில் ஆச்சரியம் என்ன என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். அவள் காதிலும் அது விழுந்தது. காதோடு நின்றுவிட்டது.

போனவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. டிப்போவில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். பஸ்ஸில் இருக்கிற ஹாரனை அவள் தொடுவதே இல்லை, ஜன்னல் வழியே தலையை நீட்டி வாயாலேயே வேலையை முடித்துவிடுவாள் என்பார்கள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? ஹாரன் அண்ணன் பக்கம்தான் நிற்பாள், இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். பெட்டி இறங்கிப் போன நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தலையில் ஹெல்மெட்டோடு ஹாரன்.

"இன்னைக்கு அறுபது கிலோமீட்டர் அண்ணி. அழறதா இருந்தா ஏத்தத்துல அழுங்க, வேர்வையோட வேர்வையா போயிடும். ம், கிளம்புங்க."

அவளும் கிளம்பினாள்.

இருவரும் மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஜோடி சேர்ந்த கதை வேடிக்கையானது. அந்த ஆசை முதலில் வந்தது கணவனுக்குத்தான். தடித்த டயர் போட்ட சைக்கிள் இரண்டை வாங்கி வந்து, 'குடும்ப ஜோடி' பிரிவில் தன் பெயரையும் மனைவி பெயரையும் கொடுத்தான். பந்தயத்தன்று காலையில் மலையை நிமிர்ந்து பார்த்தவன், கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். வழியனுப்ப வந்திருந்த ஹாரன், "சீ, நீயெல்லாம் ஒரு ஆம்பளை, கழட்டு ஷூவை" என்று அண்ணன் ஷூவில் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். அந்த வருஷம் அவர்கள்தான் கடைசி. அடுத்த இரண்டு வருஷங்களில் முடிக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவும் மகனும், புருஷனும் பெண்டாட்டியும், அண்ணனும் தம்பியும் என்று ஓட்டுகிற பிரிவில், அண்ணியும் நாத்தனாருமாக ஓட்டியது இந்த ஒரு ஜோடிதான். ஒலிபெருக்கியில் அதைச் சொல்லும்போதெல்லாம் கூட்டம் சிரிக்கும். "யப்பா, சண்டை போடாம வந்து சேருங்கம்மா!" என்று யாராவது கத்துவார்கள்.

அவன் போன பிறகு இருபத்திரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. ஞாயிறு தவறாமல் ஐந்தரைக்கு மணி அடித்தது. காட்டுப் பாதையில் அவள் முன்னால் போவாள். பின்னாலிருந்து ஹாரனின் குரல் வந்துகொண்டே இருக்கும். "கல்லு! இடப் பக்கம் வேர்! பள்ளம் அண்ணி, பள்ளம்! ஐயோ, என் இடுப்பு!" அண்ணனைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அத்தை என்ற ஒட்டாவது மிஞ்சியிருக்கும். இப்போது அவளையும் ஹாரனையும் கட்டி வைத்திருந்தது 'அண்ணி' என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மணி எதற்காக அடிக்க வேண்டும்? எதுவும் உறைக்காத அவள் மனதில் உறைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பயம்தான். அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அவள் வேலை பார்த்தது பல் செட் செய்யும் லேபில். நீளமான அறை, ஆறு மேசைகள், எங்கும் மாவாகப் படிந்த பிளாஸ்டர் தூசு. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சு பெட்டிகளில் வரும். பக்கத்து மேசைக்காரர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையாக்கித் தருவார். அவள் மெழுகை உருக்கி ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். பல்லில் மட்டும் பதினாறு நிறம். எந்த வாய்க்கு எது பொருந்தும் என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். லேபில் அவளை மெழுகம்மா என்று கூப்பிட்டார்கள்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மதியம், பக்கத்து மேசை பிளாஸ்டர்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"மெழுகம்மா, ஏதோ கருகுதே."

"மெழுகா இருக்கும்."

"மெழுகு வாசனை எனக்குத் தெரியாதா? இது நீங்க!"

குனிந்து பார்த்தாள். வலது கைச் சுண்டு விரல் ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஒட்டி இருந்தது. தோல் வெளுத்துக் கொப்புளம் எழுந்துகொண்டிருந்தது. வலிக்கவில்லை. யாருடைய விரலோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டர்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் வைத்தார்.

டாக்டர் விரல்களைக் குத்திப் பார்த்தார். "ஹேண்டிலைப் பிடிச்சு மணிக்கணக்கா அழுத்தினதுல உள்ளங்கை அடியில இருக்கிற நரம்பு நசுங்கியிருக்கு. மூணு மாசத்துக்குச் சைக்கிளைத் தொடாதீங்க."

"மூணு வாரத்துல ரேஸ் இருக்கு டாக்டர்."

"ரேஸ் முக்கியமா, விரல் முக்கியமா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "எந்த விரல்?" என்று கேட்டாள்.

"சுண்டு விரலும் மோதிர விரலும்."

"அப்போ பரவால்ல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இப்படிச் சொல்கிறவளை எந்த மருந்தால் குணமாக்குவது?

பந்தயத்துக்கு முந்தின மாலை, விளையாட்டுக் கூடம் ஒன்றில் வரிசையில் நின்று படிவம் வாங்கினார்கள். வழக்கமாக ஹாரன்தான் நிரப்புவாள். 'இருவருக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'அண்ணி – நாத்தனார்' என்று எழுதி, "எழுதும்போதே பயமா இருக்கு, அடிச்சுடாதீங்க" என்று கேலி பேசுவாள். இந்த முறை அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"நீங்க எழுதுங்க அண்ணி. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு."

அவள் வாங்கி எழுதினாள். ஹாரன் ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

காலை ஆறு மணி. தூறல். நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் மலைப் பாதை. மாலை ஐந்துக்குள் இருவரும் சேர்ந்து முடிவுக்கோட்டைக் கடக்க வேண்டும். வழியில் நான்கு சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் தரையில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை விரித்திருப்பார்கள். சைக்கிளில் கட்டிய சிப் அதன்மேல் போனதும் பீப் என்று கூவும். ஜோடியில் ஒருவர் கடந்து இரண்டு நிமிடத்துக்குள் மற்றவர் கடந்தாக வேண்டும். தவறினால், அங்கேயே முப்பது நிமிடம் உட்கார வைத்துவிடுவார்கள்.

அதனால் ஜோடிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பட்டைக்கு இந்தப் பக்கம், கொடிக் கம்பத்தடியில் நின்றுகொள்வார். துணை வந்த பிறகு சேர்ந்து கடப்பார்கள். அவள் அதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

முதல் சாவடி, இரண்டாவது சாவடி, இரண்டிலும் அப்படித்தான் நின்றாள். சேறு சக்கரத்தில் அப்பி, பிரேக்கில் அடைத்து, சைக்கிள் இரண்டு மடங்கு கனத்தது. செங்குத்தான இடங்களில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். குளிரில் அவள் விரல்கள் இரண்டு என்பது போய் ஐந்தும் மரத்துவிட்டன. மிதிப்பதை எண்ண ஆரம்பித்தாள். நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்று. அதில் ஒரு சுகம் இருந்தது. வீடு இல்லை, லேப் இல்லை, தான்கூட இல்லை, எண்கள் மட்டும்.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு. பீப் என்று கேட்டது. யாருடையதோ என்று நினைத்தாள்.

"உங்க ஜோடி எங்கம்மா?"

மழைக்கோட்டுக்குள் ஒரு மனிதர், கையில் அட்டை, கழுத்தில் கடிகாரம், மூக்கில் ஜலதோஷம். மூன்றாம் சாவடியின் நேரக்காரர். அவள் திரும்பிப் பார்த்தாள். கறுப்புப் பட்டை அவளுக்குப் பின்னால் கிடந்தது. கொடிக் கம்பமும் பின்னால் இருந்தது. பாதையில் யாருமில்லை.

"நான் அந்தப் பக்கம் திரும்பிப் போயிடட்டுமா சார்?"

"தாராளமா போங்க. நீங்க திரும்பலாம், பீப்பு திரும்பாது." தும்மினார். "ரெண்டு நிமிஷம் ஓட ஆரம்பிச்சாச்சு."

ஹாரன் ஏழாவது நிமிடத்தில் வந்தாள். தலை குனிந்திருந்தது. பட்டைக்கு அந்தப் பக்கம் அண்ணியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"என்ன அண்ணி இது? கொடிகிட்ட நிக்கலையா?"

"உன் சத்தமே கேக்கல. பின்னாடியே வர்றேன்னு நெனச்சேன்."

"சத்தம் கேக்கலன்னா பக்கத்துல இருக்கேன்னு அர்த்தமா? நான் வாயை மூடினா செத்துட்டேன்னுல்ல நெனைக்கணும்!"

உண்மைதான். காலையிலிருந்தே ஹாரன் ஒரு கல்லைக்கூடக் கூவிச் சொல்லவில்லை. அதை இப்போதுதான் கவனித்தாள்.

"முப்பது நிமிஷம்மா," என்றார் நேரக்காரர். "கூடாரத்துல உக்காருங்க. சைக்கிளைத் தொடக்கூடாது. சங்கிலிக்கு எண்ணெய்கூட விடக்கூடாது. சாப்பிடலாம், பேசலாம், சண்டை போடலாம்."

கூடாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றின் கால் சேற்றில் புதைந்து சாய்ந்திருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். பசித்தது.

ஜோடியாக ஓட்டுகிறவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. தின்பண்டமெல்லாம் ஜெர்சியின் முதுகுப் பையில் இருக்கும். மணிக்கணக்காகக் குனிந்தே ஓட்டி உடம்பு கட்டையாகிவிடுவதால் தன் முதுகுக்குத் தன் கை போகாது. ஆகவே ஒருவர் பையிலிருந்து மற்றவர் எடுத்துக்கொள்வார்கள், கேட்பதுகூட இல்லை. அவள் ஹாரனின் முதுகுப் பையில் கை விட்டாள். மரத்த விரல்களுக்கு வாழைப்பழம் எது, ரொட்டிப் பொட்டலம் எது என்று தெரியவில்லை. கையில் அகப்பட்ட பிளாஸ்டிக் உறையை இழுத்து, பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"ஐயோ, அது வேண்டாம் அண்ணி!"

ரொட்டி இல்லை. நாலாக மடித்த தாள்கள். பிரித்தாள். முதல் வரியில் கணவன் பெயர். இரண்டாவது வரியில் அவள் பெயர். இருவரும் மனமொத்துப் பிரிவதாகக் கீழே எழுதியிருந்தது. அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். அவளுக்கான இடம் காலியாக இருந்தது.

மழை கூடாரத்துத் துணியில் கொட்டிக்கொண்டிருந்தது. விதி அவளை எங்கே வைத்து அந்தத் தாளைப் படிக்க வைத்தது பாருங்கள்! முழங்கால் வரை சேறு, எழுந்து போகவும் முடியாது.

"எப்போ குடுத்தார்?"

"பன்னெண்டு நாளாச்சு. 'நீ சொன்னா உங்கண்ணி கேப்பா, வாங்கிக் குடுத்துடு'ன்னான். பிரிட்ஜுக்கு மேல வெச்சேன். தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் முழிச்சு முழிச்சுப் பாக்குது. இன்னைக்கு முடிச்ச கையோட குடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன்." ஹாரனின் குரல் உடைந்தது. "இந்த ஒரு ரேஸையாவது உங்க நாத்தனாரா ஓட்டி முடிச்சுடலாம்னு பாத்தேன் அண்ணி. அதுக்குள்ள உங்களுக்குப் பசிக்கணுமா?"

அவள் தாளை முழங்காலில் வைத்து நீவினாள்.

"சார், பேனா இருக்கா?"

நேரக்காரரின் பேனா அவருடைய அட்டையோடு நூலால் கட்டியிருந்தது. அட்டையோடு சேர்ந்து அவரும் கூடாரத்துக்குள் வந்தார். அவள் பேனாவைப் பிடித்தாள். விரலிடுக்கில் வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பேனாவைச் சுற்றிப் பொருத்திவிட்டு எழுதப் பார்த்தாள். ஒரு புள்ளிதான் விழுந்தது.

"கை விறைச்சுப் போச்சும்மா," என்றார் நேரக்காரர். "அவசரம்னா கைநாட்டு வேணா..."

"சார், நீங்க வெளிய போய்த் தும்முங்க!"

ஹாரன் போட்ட சத்தத்தில் அவர் நூலை அறுத்துக்கொண்டு வெளியே போனார்.

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?" ஹாரன் எழுந்து நின்றாள். "ஒரு வார்த்தை திட்டுங்களேன்! எங்கண்ணனைத் திட்டுங்க. நானும் கூடச் சேர்ந்து திட்டுறேன். ரெண்டு வருஷமா எப்போ திட்டுவீங்க, எப்போ திட்டுவீங்கன்னு காத்துக்கிட்டே இருக்கேன். பதினாறு வருஷம் அண்ணி! பஸ்ல பக்கத்துல உக்காந்தவன் இறங்கிப் போனாக்கூட ஒரு தடவை திரும்பிப் பாப்போம்!"

"திட்டினா என்ன ஆகப் போகுது?"

"சரி, அவன் போகட்டும். இதுல உங்க கையெழுத்து விழுந்துட்டா நான் உங்களுக்கு யாரு? அதைச் சொல்லுங்க. அடுத்த வருஷம் அந்தக் கட்டத்துல என்னன்னு எழுதுவீங்க? தெரிஞ்சவங்கன்னா?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் உள்ளே எங்கேயோ இருந்தது, அவளுடைய சுண்டு விரலைப் போல. இருப்பது தெரிந்தது, தொட்டால் தெரியவில்லை. தன்னைப் பெற்றவளிடம்கூட இப்படி ஒரு கேள்விக்கு அவள் பதில் சொன்னதில்லை. அவள் கூடார வாசலைப் பார்த்துக் கேட்டாள்:

"சார், இன்னும் எவ்வளவு நேரம்?"

"பத்தொன்பது நிமிஷம்மா."

ஹாரன் தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்த முதுகுப் பையில் இரண்டு வாழைப்பழங்கள் துருத்திக்கொண்டிருந்தன. அவள் கை அவற்றை நோக்கிப் போகவில்லை.

மிச்சம் முப்பத்தொரு கிலோமீட்டர். இரண்டரை மணி நேரமும் மூன்று நிமிடமும் இருந்தன. கடைசி ஏற்றத்தில் ஹாரனின் தொடை பிடித்துக்கொண்டது. பாதையோரம் சாய்ந்து படுத்துவிட்டாள். அண்ணி இறங்கி, அந்தக் காலைத் தன் மார்போடு அணைத்து நீட்டி மடக்கிவிட்டாள். ஹாரன் வலியில் பல்லைக் கடித்தாளே தவிர ஒரு சத்தம் போடவில்லை. பிறகு இரண்டு சைக்கிளையும் இரண்டு கையில் பிடித்து அண்ணியே தள்ளிக்கொண்டு ஏறினாள்.

முடிவுக்கோட்டுக்கு வந்தபோது ஐந்து மணி ஒன்பது நிமிடம். தரையிலிருந்து ரப்பர் பட்டையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்துதான் கடந்தார்கள். எதுவும் பீப் என்று கூவவில்லை. ஹாரன் காகிதக் கோப்பையில் தேநீர் வாங்கிக் குடித்தாள், டிப்போ நண்பர் ஒருவரின் வேனில் சைக்கிளை ஏற்றினாள், ஏறிப் போனாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியம் லேபில், மெழுகுக் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, ஹாரனிடம் திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்த தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது, படிக்க முடிந்தது. "என்ன மெழுகம்மா, லோன் பேப்பரா?" என்றார் பிளாஸ்டர்காரர். "இல்ல, பழைய பேப்பர்" என்றாள். போகிற வழியில் அவனுக்குத் தபாலில் சேர்த்தாள். போனவனுக்காக நெஞ்சு அடைக்கும் என்று தபால் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். அடைக்கவில்லை. பின்னால் நின்றவர் கனைத்தார். விலகிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ஹாரனிடமிருந்து ஒரு போன் இல்லை. அவளும் செய்யவில்லை. செய்தால் எடுத்தவுடன் என்ன சொல்வது? எப்போதும் சொல்கிற 'அண்ணிதான்டி' இப்போது பொய் ஆகிவிட்டதே.

ஞாயிறு. ஐந்து மணிக்கே ஷூவை மாட்டி, ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தாள். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால். மேல் வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை. எழுந்து போய், கெட்டுவிட்டதோ என்று தானே ஒருமுறை பொத்தானை அழுத்தினாள். நன்றாகத்தான் அடித்தது. மூடிய கதவுக்கு வெளியே, காலியான மாடிப்படியில் நின்றுகொண்டு தன் வீட்டு மணியைத் தானே அடித்திருக்கிறாள். அழுகை வரவில்லை. ஆனால் கை பொத்தானை விட்டு எடுபடவில்லை.

இருபத்திரண்டு மாதமாக வந்தவள் ஹாரன்தான். தான் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை என்பது அவளுக்கு அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது.

டிப்போ குடியிருப்பு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. காலித் தெருக்களில், அடைத்த கடைகளைத் தாண்டி, ஒன்பது கிலோமீட்டர். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள். கதவைத் தட்டினாள்.

"யாரு?"

குரல் கரகரத்தது.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

அவள் யார் என்று ஹாரனுக்குத் தெரியாமலா போகும்? கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது. அவள் ஈரமில்லாத உதடுகளை நனைத்துக்கொண்டாள்.

"உன்கூடச் சைக்கிள் ஓட்டுறவ."

தாழ்ப்பாள் விலகியது. ஹாரன் தலைமுடி கலைந்து, பனியனும் கால்சட்டையுமாக நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"திங்கக்கிழமையே போட்டுட்டேன்."

"அழுதீங்களா?"

"இல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"வரலடி. என்ன செய்யச் சொல்ற?" அவள் சுவரில் சாய்த்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு வரல. இன்னைக்கு அஞ்சரைக்கு மணி அடிக்காதப்போ என்னவோ மாதிரி ஆயிடுச்சு. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. அது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. அதான் வந்துட்டேன்."

ஹாரன் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவள் அழுதால் சின்னதாக அழுவாளா? எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. அண்ணி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பிறகு ஹெல்மெட்டோடு இரண்டு அடி முன்னால் வைத்து, கையுறை போட்ட கையை ஹாரனின் தோளில் வைத்தாள். தோள் குலுங்குவது விரல்களுக்குத் தெரியவில்லை. முழங்கைக்குத் தெரிந்தது.

"போதும்டி. தெருவுல பஸ் வருதுன்னு நெனச்சு ஆளுங்க ஓடி வரப் போறாங்க."

அழுகைக்கு நடுவிலேயே ஹாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனியன் தோளிலேயே முகத்தைத் துடைத்தாள்.

"எவ்வளவு தூரம்?"

"அறுபது."

"படுபாவி, நேத்து டபுள் டியூட்டி பாத்துட்டு வந்து படுத்திருக்கேன். நாப்பது."

"அறுபது."

"அம்பது. அதுக்கு மேல ஒரு மிதி மிதிக்க மாட்டேன், அண்ணி. ஷூவைக் கழட்டாம அப்படியே நில்லுங்க, வீடெல்லாம் சேறாக்கிடாதீங்க."